டாக்டர் கேட்டால் யார் பதில் சொல்வது?

(கேமரன் மலை, தானா ராத்தா வட்டாரத் தேயிலைத் தோட்டங்களின் பெற்றோருக்கும் 12 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கும் சுகாதாரத் தாதி ஒருவர் ஆற்றிய உரை)

அன்பான பெற்றோர்களே, தாத்தா பாட்டிமார்களே, முன்வரிசையில் இடம் இருந்தும் பின்வரிசைக்கு ஓடிப்போய் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, ஓய்வு நாளில் வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

கிளினிக்கில் நான் அடிக்கடி பார்க்கும் ஒரு காட்சி இது. ஓர் அம்மா வருகிறார், கூடவே 13 வயது மகளும் வருகிறாள். அம்மாவுக்கு இரத்த அழுத்தம். முகப்பில் இருப்பவர் மலாயில் கேட்கிறார், மகள்தான் பதில் சொல்கிறாள். அம்மாவின் அடையாள அட்டையை நீட்டுகிறாள், எண்ணை வாங்குகிறாள். டாக்டர் சொன்னதை அம்மாவுக்குத் தமிழில் சொல்கிறாள். எந்த மாத்திரை காலையில், எது இரவில் என்று மருந்தகத்தில் கேட்டுக்கொள்கிறாள். கெட்டிக்காரப் பிள்ளை.

சில மாதம் கழித்து அதே இருவர் வருகிறார்கள். இந்த முறை மகளுக்கு உடம்பு சரியில்லை, எப்போதும் சோர்வு. டாக்டர் மகளைப் பார்த்து, "எத்தனை நாளாக இப்படி?" என்று கேட்கிறார். மகள் தலையைக் குனிந்துகொள்கிறாள். அம்மா தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் பதில் சொல்கிறார். "நன்றாகச் சாப்பிடுகிறாயா?" அதற்கும் அம்மாதான் பதில். "மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா?" "அதெல்லாம் சரியாக வருகிறது" என்று அம்மாவே சொல்லிவிடுகிறார். அம்மாவுக்காக அத்தனையும் பேசிய பிள்ளை, தனக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பிறகு எடை பார்க்க அவளைத் தனியே அழைத்துப் போனபோதுதான் உண்மை வெளியே வந்தது. சில மாதங்களாக மாதவிலக்கு பத்து நாள் வரை நீடிக்கிறது, இரத்தப்போக்கும் அதிகம். "அம்மாகிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு மிஸ்ஸி" என்றாள். இரத்தப் பரிசோதனை செய்தோம். இரத்தசோகை இருந்தது. சிகிச்சை கிடைத்தது, தேறிவிட்டாள். ஆனால் அந்த அறையில் அவள் வாயைத் திறந்திருந்தால், அல்லது வாயைத் திறக்க நாம் இடம் விட்டிருந்தால், இது முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்திருக்கும்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். உங்கள் பிள்ளைக்கு 18 வயது நிரம்பும்போது, ஒரு கிளினிக்குக்குள் தனியாக நுழைந்து, தன் உடம்பைப் பற்றித் தானே பேசி, மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வரத் தெரிந்திருக்க வேண்டும். அது 18வது பிறந்தநாளன்று தானாக வந்துவிடாது. சமையல் கற்றுக்கொடுப்பதுபோல், மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழக்குவதுபோல், 12 வயதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும்.

டிரெஸ்ஸர் இருந்த காலம்

நானும் தோட்டத்துப் பிள்ளைதான். இந்த மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கியது. அந்தத் தலைமுறையில், நம் நாட்டின் பல தோட்டங்களில் உடம்புக்கு முடியாவிட்டால் போகும் இடம் ஒன்றுதான்: தோட்டத்து ஆஸ்பத்திரி அல்லது டிஸ்பென்சரி. அங்கே டிரெஸ்ஸர் இருப்பார். இவர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-இல் ஒரு சட்டம் வந்தது. சட்டத்தில் அவர்களுக்குப் பெயர் தோட்ட மருத்துவமனை உதவியாளர். நம் ஜனங்களுக்கு அவர் 'டிரெஸ்ஸர் ஐயா'தான்.

டிரெஸ்ஸர் ஐயாவுக்கு எல்லோரையும் தெரியும். எந்த வீட்டில் யாருக்கு இழுப்பு, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவர் மனப்பாடம். பிள்ளை ஒன்றுமே பேச வேண்டியதில்லை. "மூணாவது லயத்து முனியம்மா பேத்தி" என்றால் போதும்.

இன்று அப்படி இல்லை. நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளி முடித்ததும் மலையிறங்குகிறார்கள். விடுதி, பொலிடெக்னிக், பல்கலைக்கழகம், ஈப்போவிலோ சிலாங்கூரிலோ வேலை. அங்கே இருக்கும் டாக்டருக்கு உங்கள் மகனைத் தெரியாது. அவன் சொல்வதை வைத்துத்தான் அவர் முடிவெடுப்பார். அவனுக்குச் சொல்லத் தெரியாவிட்டால் என்ன ஆகும்?

நீல பம்பு

நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தோட்டத்துப் பையன் ஒருவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. ஒவ்வொரு முறையும் அம்மாதான் அழைத்து வருவார், அம்மாதான் பேசுவார், மருந்தை வாங்கிக்கொள்பவரும் அம்மாதான். 18 வயதில் அவன் ஒரு தொழிற்சாலை வேலைக்குப் போனான். கொண்டுபோன மருந்து இரண்டு மாதத்தில் தீர்ந்துபோனது. எந்தக் கிளினிக்குக்குப் போவது என்று தெரியவில்லை, மருந்தின் பெயரும் தெரியவில்லை. அம்மாவுக்குப் போன் செய்தான். "நீல பம்புய்யா, கடையில கேளு" என்றார் அம்மா. அவன் வாங்கிக்கொண்டான். நாளுக்கு இரண்டு முறை அடித்தது ஆறு முறை ஆனது, பிறகு கணக்கே இல்லாமல் போனது. ஒருநாள் இரவு மூச்சுவிட முடியாமல் அறை நண்பர்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள்.

பிழைத்துக்கொண்டான். விடுமுறைக்கு வந்தபோது, "இன்னொரு பம்பு எங்கே தம்பி, தினமும் காலையும் இரவும் அடிக்கச் சொன்னது?" என்று கேட்டேன். "அது வேலை செய்யல மிஸ்ஸி, அடிச்சா ஒன்னும் தெரியல. அதான் விட்டுட்டேன்" என்றான்.

நீல நிற மருந்து சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில நிமிடத்தில் விரிக்கும். அதனால் பலன் உடனே தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் வீக்கத்தை அது குறைக்காது. வீக்கத்தைக் குறைப்பது தினமும் எடுக்கும் இன்னொரு மருந்து. அதன் பலன் நாட்கள், வாரங்கள் கழித்துத்தான் தெரியும். நீலத்தை அடிக்கடி அடிக்க வேண்டி வருகிறது என்றால் நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம்.

இதை நாங்கள் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். அவன் அம்மாவிடம் சொன்னோம். அவன் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான், அவனிடம் சொல்லவில்லை. அது அம்மாவின் தவறு மட்டுமில்லை, எங்கள் தவறும்தான். ஆஸ்துமாவோ, வலிப்போ, நீரிழிவோ, தைராய்டோ, நீண்ட நாள் நோய் உள்ள பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் இன்னும் சீக்கிரம் தொடங்க வேண்டும். மருந்தை நிறத்தால் மட்டும் தெரிந்துவைத்தால் போதாது. பெயர், அளவு, எதற்காக, நிறுத்தினால் என்ன ஆகும் என்ற நான்கும் பிள்ளைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

வயதுக்கு வயது ஒரு படி

12, 13 வயது: அடையாள அட்டை எடுக்கும் வயது 12. அட்டை வந்ததும் கிளினிக் முகப்பில் பிள்ளையே அதை நீட்டட்டும், எண்ணை வாங்கட்டும். டாக்டர் கேட்கும் முதல் கேள்விக்குப் பிள்ளை பதில் சொல்லட்டும். விட்டுப்போனதை நீங்கள் பிறகு சேர்த்துச் சொல்லுங்கள். முதலாம் படிவத்தில் மாணவிகளுக்கு கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி 2010-ஆம் ஆண்டு முதல் போடப்படுகிறது. அதற்கு பள்ளியிலிருந்து ஒரு சம்மதப் படிவம் வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன் மகளை உட்காரவைத்து அதை வாசிக்கச் சொல்லுங்கள். "எதுக்கு இந்த ஊசி?" என்று அவளிடமே கேளுங்கள்.

14, 15 வயது: தனக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, முன்பு என்ன அறுவைச் சிகிச்சை நடந்தது, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்பதைப் பிள்ளை எழுதி வைத்துக்கொள்ளட்டும். அடுத்த சந்திப்பு எந்தத் தேதி என்று நினைவு வைப்பதும் அவர்கள் பொறுப்பு. மூன்றாம் படிவத்தில் டெட்டனஸ் ஊசி உண்டு. எப்போது போட்டார்கள் என்பதைக் குறித்து வைக்கட்டும்.

16, 17 வயது: சாதாரண காய்ச்சல், இருமல் என்றால் நீங்கள் வெளியே காத்திருங்கள், பிள்ளை தனியாக உள்ளே போய் வரட்டும். நான்காம் படிவ மாணவர்களுக்குத் தலசீமியா பரிசோதனை 2016 முதல் நடைபெறுகிறது. தலசீமியா மரபணுவைச் சுமப்பவர் பார்க்க ஆரோக்கியமாகவே இருப்பார். அப்படி இரண்டு பேர் திருமணம் செய்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கடுமையான நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அந்த முடிவுத்தாள் பத்து வருடம் கழித்தும் தேவைப்படும். அதை அம்மாவின் பீரோவில் வைத்து மறந்துவிடாதீர்கள். பிள்ளையின் கையில் கொடுங்கள்.

18 வயது: சட்டப்படி வயது வந்தவர். சிகிச்சைக்குச் சம்மதம் சொல்வதும் மறுப்பதும் இனி அவர்தான். அடையாள அட்டையையும் மாற்ற வேண்டும். மலையிறங்கும் முன் மருத்துவக் குறிப்புகளை ஒரு கோப்பில் போட்டுக் கொடுங்கள். சீதனம் போல அதுவும் ஒரு சொத்துதான்.

கிளினிக்குக்குள் நடப்பது என்ன?

தம்பி தங்கைகளே, இது உங்களுக்கு. முதலில் பதிவு. அடையாள அட்டை, சந்திப்பு அட்டை இருந்தால் அதுவும், பள்ளி மாணவர் அட்டையும் கொண்டு வாருங்கள். குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான். "காசு இல்ல, அடுத்த மாசம் போவோம்" என்று தள்ளிப்போட வேண்டாம். பிறப்புப் பத்திரத்திலோ அடையாள அட்டையிலோ சிக்கல் உள்ள குடும்பங்கள் சிலவும் நம்மிடையே உண்டு. அதைத் தேசியப் பதிவிலாகாவில் தீர்க்க வேண்டும். ஆனால் தாள் சரியாகும்வரை நோயோடு வீட்டில் படுத்திருக்காதீர்கள். இருப்பதை எடுத்துக்கொண்டு வாருங்கள், நிலைமையைச் சொல்லுங்கள்.

பதிவுக்குப் பிறகு எடை, உயரம், இரத்த அழுத்தம் பார்ப்போம். 10 முதல் 19 வயதுள்ளவர்களுக்கு ஒரு பரிசோதனைப் படிவம் தருவோம். பி.எஸ்.எஸ்.கே. என்று சொல்வோம். சாப்பாடு, தூக்கம், புகை, மனநிலை என்று பல கேள்விகள் இருக்கும். பரீட்சைபோல் நினைத்து 'சரியான' பதிலை எழுதாதீர்கள். உண்மையை எழுதுங்கள். வேப் பிடிப்பவர் "இல்லை" என்று எழுதினால், இருமலுக்கான காரணத்தைத் தேடி நாங்கள்தான் அலைவோம்.

பிறகு டாக்டர் அல்லது மருத்துவ உதவி அதிகாரி பார்ப்பார். அவரிடம் ஐந்து விஷயம் சொல்ல வேண்டும். என்ன தொந்தரவு? எப்போது தொடங்கியது? எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது? ஏற்கனவே என்ன மருந்து எடுத்தாய் (கடை மருந்து, நாட்டு மருந்து, பாட்டி கொடுத்த கஷாயம் எல்லாம் சேர்த்து)? எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? வெட்கமாக இருந்தால் வீட்டிலேயே தாளில் எழுதிக் கொண்டுவந்து நீட்டுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். மலாய் வரவில்லையா? "சாயா டெமாம் தீகா ஹாரி" என்று மூன்று நாள் காய்ச்சலைச் சொல்லத் தெரிந்த உங்களுக்கு மற்றதும் வரும். வராவிட்டால் தமிழ் தெரிந்த ஊழியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். பெண் பிள்ளைகள் தாதி ஒருவர் கூட இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை.

அறையை விட்டு வெளியே வருவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். எனக்கு என்ன? நான் என்ன செய்ய வேண்டும்? எப்போது திரும்ப வர வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் எழுந்து வராதீர்கள். பிறகு மருந்தகத்தில் மருந்து வாங்கும்போதும் உறையில் எழுதியிருப்பதை அங்கேயே நின்று வாசியுங்கள். புரியவில்லை என்றால் மருந்தாளரிடம் கேளுங்கள். விளக்கிச் சொல்வதும் அவர் வேலைதான்.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால்

தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனை நம் மாவட்ட மருத்துவமனை. எல்லா வகை நிபுணர்களும் எப்போதும் மாவட்ட மருத்துவமனையில் இருக்க மாட்டார்கள். தேவைப்பட்டால் பரிந்துரைக் கடிதம் கொடுத்து ஈப்போ போன்ற பெரிய ஊருக்கு அனுப்புவார்கள். அந்தக் கடிதம் மிக முக்கியம். கடிதத்தோடு போனால் குடிமக்களுக்கு நிபுணரைப் பார்க்க முதல் முறை 5 ரிங்கிட்தான். கடிதத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். தேதிக்குப் போக முடியாவிட்டால் முன்கூட்டியே போன் செய்து மாற்றுங்கள். போகாமல் விட்டுவிட்டால் அந்த இடம் வீணாகும், உங்களுக்கும் மீண்டும் காத்திருக்க வேண்டி வரும்.

மாதாமாதம் மருந்துக்காக மலையிறங்க வேண்டியதில்லை. மருந்தை வீட்டுக்குப் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கிலோ மருத்துவமனையிலோ வாங்கிக்கொள்ள எஸ்.பி.யு.பி. என்ற ஏற்பாடு இருக்கிறது. பெரிய மருத்துவமனையின் மருந்தகத்தில், "அடுத்த முறை மருந்தை தானா ராத்தாவில் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். இதுவே மறுபக்கமும் உதவும். இங்கே சிகிச்சை பெறும் பிள்ளை படிப்புக்காக வேறு ஊர் போனால், அங்கேயும் மருந்தை எடுக்கலாம். அந்தப் பையனுக்கு இது தெரிந்திருந்தால் நீல பம்போடு மட்டும் அவன் தவித்திருக்க மாட்டான்.

தனியாகப் பேசும் சில நிமிடம்

பெற்றோர்களே, "நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்" என்று டாக்டர் சொன்னால் கோபப்படாதீர்கள். உங்கள் பிள்ளை ஏதோ தப்பு செய்துவிட்டது என்று அர்த்தமில்லை. இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளிடமும் சில நிமிடம் தனியாகப் பேசுவது எங்கள் வழக்கம். அம்மா அப்பா எதிரே சொல்ல முடியாத கேள்விகள் இருக்கும்: உடம்பில் வரும் மாற்றம், காதல், பள்ளியில் அடி வாங்குவது, வேப், தூக்கம் வராமல் அழுவது. எங்களிடம் கேட்காவிட்டால் கைப்பேசியில் தேடுவார்கள், அல்லது அவர்களைவிடக் குறைவாகத் தெரிந்த நண்பனிடம் கேட்பார்கள்.

பிள்ளைகளே, நீங்கள் சொல்வதை நாங்கள் ஊரில் போய்ச் சொல்ல மாட்டோம். ஆனால் எல்லாவற்றையும் இரகசியமாக வைப்போம் என்று பொய்யாக வாக்குக் கொடுக்கவும் மாட்டேன். உங்கள் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மறைக்க முடியாது. யாராவது உங்களைத் துன்புறுத்துகிறார்கள், தகாத முறையில் நடக்கிறார்கள் என்றால், 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி டாக்டர் அதை அறிவித்தாக வேண்டும். அறிவிக்கும்போது அதை உங்களிடம் சொல்லிவிட்டே செய்யும்படி கேளுங்கள். அந்தச் சட்டம் உங்களைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் என்றால் அறுவைச் சிகிச்சை போன்றவற்றுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். உயிர் போகும் அவசரத்தில் கையெழுத்துக்காகச் சிகிச்சையை நிறுத்திவைக்க மாட்டார்கள்.

மனசுக்கும் கிளினிக் உண்டு

"அவனுக்கு என்ன குறை, வேளாவேளைக்குச் சோறு கிடைக்குது" என்று நாம் சொல்லிவிடுகிறோம். மனச்சோர்வு வயிறு நிறைந்தவர்களுக்கும் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, பேச்சில்லை, பிடித்த விளையாட்டிலும் ஆசையில்லை என்றால் கிளினிக்குக்கு வாருங்கள். காய்ச்சலுக்கு வருவதுபோல்தான் இதுவும். பள்ளி ஆலோசக ஆசிரியரிடமும் பேசலாம். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555-ஐ அழைக்கலாம். வீட்டில் வன்முறை என்றால் தாலியான் காசே 15999. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் பழைய சட்டப் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. "போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்று பயந்து யாரும் பிள்ளையை வீட்டில் மறைத்து வைக்க வேண்டாம். பூச்சிமருந்து விஷயத்தில் இது இன்னும் முக்கியம். காய்கறித் தோட்டங்கள் நிறைந்த மலை இது. குடித்தது எந்த மருந்து என்று தெரிய புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே ஓடி வாருங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

அவசரம் என்றால்

999. பெயர், எந்தத் தோட்டம், எந்த லயம் அல்லது எந்தப் பிரிவு, பக்கத்தில் என்ன அடையாளம், என்ன நடந்தது என்று சொல்லுங்கள். தோட்டத்துச் சாலைகள் குறுகல், வளைவு அதிகம். இரவில் பனிமூட்டமும் உண்டு. அதனால் ஒருவர் பிரதான சாலைக்கு வந்து விளக்குக் காட்டி நிற்பது நல்லது. இதைப் பிள்ளைகள் வீட்டில் ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும். தாத்தா மயங்கி விழும்போது வீட்டில் இருப்பது 14 வயதுப் பிள்ளையாக இருக்கலாம்.

அவசரப் பிரிவில் மூன்று நிறம் உண்டு. சிவப்பு உயிராபத்து, மஞ்சள் அடுத்தது, பச்சை காத்திருக்கக்கூடியது. உங்களுக்குப் பின்னால் வந்தவரை முன்னால் அழைத்தால் அது சிபாரிசு இல்லை. அவர் நிலைமை மோசம். ஆனால் காத்திருக்கும்போது மூச்சு அதிகமாக வாங்கினாலோ மயக்கம் வந்தாலோ வாயைத் திறந்து சொல்லுங்கள். நல்ல பிள்ளையாகப் பேசாமல் உட்கார்ந்திருக்கும் இடம் அது இல்லை.

பெற்றோருக்கு இரண்டு வேண்டுகோள்

முதலாவது, பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக அழைத்து வரும்போது யோசியுங்கள். இரத்த அழுத்தம், சளி, காய்ச்சல் என்றால் பரவாயில்லை. அம்மாவின் கருப்பை விஷயம், அப்பாவின் குடி, கெட்ட செய்தி வரக்கூடிய பரிசோதனை முடிவு, இவற்றைப் பிள்ளையின் வாயால் சொல்லவைக்காதீர்கள். அது அந்தப் பிள்ளை தாங்கக்கூடிய சுமை இல்லை. பாதியை மறைத்துச் சொல்லவும் செய்வார்கள். முகப்பில் தமிழ் தெரிந்தவரைக் கேளுங்கள், அல்லது பெரியவர் ஒருவரை அழைத்து வாருங்கள். அந்த நாளுக்காகப் பிள்ளையின் பள்ளிக்கூடமும் கெட வேண்டாம்.

இரண்டாவது, அடுத்த முறை பிள்ளையை அழைத்து வரும்போது முதல் ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். கஷ்டம்தான், எனக்குத் தெரியும். என் மகனுக்குப் பல் வலி வந்தபோது நானே மூன்று முறை குறுக்கே பேசிவிட்டேன். பிள்ளை திக்கித் திணறட்டும். தப்பாகச் சொல்லட்டும். திருத்த நாங்கள் இருக்கிறோம், நீங்களும் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். துணைக்கு ஆள் இருக்கும்போதே திணறிப் பழகிவிட்டால், ஆள் இல்லாத ஊரில் திணற மாட்டார்கள்.

முதலில் சொன்ன அந்த மகள் இப்போது நான்காம் படிவம். போன மாதம் இரத்தப் பரிசோதனைக்குத் தனியாக உள்ளே வந்தாள். அம்மா வெளியே பெஞ்சில் இருந்தார். "இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டா மலம் கறுப்பாகுது, அது சரியா மிஸ்ஸி?" என்று நேராகக் கேட்டாள். "சரிதான், அந்த மாத்திரைக்கு அப்படித்தான் ஆகும்" என்றேன். குறித்துக்கொண்டாள், நன்றி சொன்னாள், போய்விட்டாள். இரண்டே நிமிடம்தான். எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.



பிள்ளைகள் எழுதி, அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ள:

1. என் முழுப்பெயர், அடையாள அட்டை எண், இரத்த வகை
2. எனக்கு உள்ள நோய், முன்பு நடந்த அறுவைச் சிகிச்சை
3. நான் எடுக்கும் மருந்தின் பெயர், அளவு, எதற்காக
4. எனக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து, உணவு
5. போட்டுக்கொண்ட தடுப்பூசிகள், போட்ட ஆண்டு
6. என் கிளினிக், அடுத்த சந்திப்புத் தேதி
7. அவசரத்தில் அழைக்க வேண்டிய இருவரின் தொலைபேசி எண்
8. அவசரம் 999, மனநல உதவி 15555, தாலியான் காசே 15999